மன்னித்தது நான், கம்பத்தில் இருந்தது முனுசாமி

கையுறை போடுவது, இடுப்பில் பெல்ட் கட்டுவது, டெஸ்டர் வைத்துப் பார்ப்பது எல்லாம் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். நானும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். நன்றாகத்தான் சொன்னார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கிய தம்பி மட்டும் தயவுசெய்து எங்கள் தெருப் பக்கம் வேலைக்கு வராமல் இருக்கட்டும்.

நான் பேச வந்தது அந்த வகுப்பில் இல்லாத விஷயம். இந்த மின்சார வேலையில் உங்களில் யாருக்காவது ஒரு நாள் அடிபடலாம். பட வேண்டாம், ஆனால் படலாம். அதற்குக் காரணமானவன் பெரும்பாலும் கூட வேலை செய்கிறவனாகவே இருப்பான். நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது அவன் அதே ஆபீசில், அதே ஏணியின் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். அவனை என்ன செய்வது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் போடவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என் பெயர் சாலமன். லைன் இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன். கம்பத்தின் மேல் நான் பேசிய பேச்சையெல்லாம் கர்த்தர் கேட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார் என்று என் மனைவி எஸ்தர் சொல்வாள்.

அப்போது நான் வயர்மேன். பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் தெருவில், கம்பத்தின் உச்சியில் ஒரு இணைப்பு எரிந்துபோய்த் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை. தெருமுனையில் டிரான்ஸ்பார்மர். அங்கே பியூஸ் கட்டைகளை உருவிக் கீழே வைத்துவிட்டு, காவலுக்கு ஏகாம்பரத்தை நிறுத்திவிட்டு நான் மேலே ஏறினேன். ஏகாம்பரம் எனக்கு இரண்டு வருடம் இளையவன். நல்ல வேலைக்காரன், நல்ல சிரிப்புக்காரன், எங்கள் வீட்டில் பாதி நாள் சாப்பிட்டவன். நான் கீழே இறங்கி வந்து சொன்ன பிறகுதான் பியூஸைத் திரும்பப் போட வேண்டும். சின்ன வேலை. அந்தச் சின்ன வேலையில்தான் என் உயிர் இருந்தது.

டிரான்ஸ்பார்மருக்கு எதிரில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்த நேரம். ஜெனரேட்டர் மூச்சு விட்டுவிட்டது. வீடியோக்காரனுக்கு லைட் இல்லை, மாப்பிள்ளைக்கு ஃபேன் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் ஏகாம்பரத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அங்கே என்ன நடந்ததோ, நான் மேலே இருக்கும்போதே ஏகாம்பரம் பியூஸைப் போட்டுவிட்டான்.

நான் விழுந்தேன். கீழே ஒரு வீட்டுக்காரர் சேலைக்கான பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிப் பாவு போட்டிருந்தார். அதன் மேல் போய் விழுந்ததால் கழுத்து தப்பித்தது, இடுப்பு மட்டும் உடைந்தது. இடது கையில் இரண்டு விரல் கருகிப்போயின. அந்தப் பாவுக்காரர் பிறகு ஆஸ்பத்திரிக்கு வந்து, "நீ பொழச்சது சந்தோசம்பா" என்று சொல்லிவிட்டு, என் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்து தன் பாவுக்காக அழுதார். அங்கே வந்தவர்களிலேயே நேர்மையான மனிதர் அவர்தான்.

மற்றவர்கள் ஜெபக் குழுவினர். இடுப்பில் கட்டு, கையில் கட்டு, வாயில் பாதி மயக்க மருந்து. இந்த நிலையில் ஒரு மனிதனைச் சுற்றி நின்று பன்னிரண்டு பேர் பாட்டுப் பாடினால் அவன் எங்கே ஓடுவான்? பாஸ்டர் நல்லவர், குரல் மட்டும் கொஞ்சம் பெரிசு. பாடி முடித்து, ஜெபம் பண்ணி, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "சாலமன், அந்தத் தம்பிய மன்னிச்சிட்டியா?"

எனக்குச் சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தது. இவர்கள் வெளியே போனால்தான் நர்ஸம்மா பாத்திரம் வைப்பார். "மன்னிச்சிட்டேன் பாஸ்டர்" என்றேன்.

"அல்லேலூயா!" என்றார்கள். இன்னொரு பாட்டு ஆரம்பித்தது.

எஸ்தர் மட்டும் பாடவில்லை. சுவரில் சாய்ந்து நின்றவள், பாட்டு முடிந்ததும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "அவரு மன்னிச்சிட்டாரு, சரி. நான் மன்னிக்கல பாஸ்டர். என்னைக் கேக்காதீங்க."

பாஸ்டர் கேட்கவில்லை. புத்திசாலி.

அதற்குப் பிறகுதான் விசாரணை வந்தது. ஏகாம்பரம் அங்கே போய், "மேல இருந்து சாலமன் 'போடு'ன்னு கொரலு குடுத்தாரு சார், அதான் போட்டேன்" என்று சொல்லிவிட்டான்.

ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையால் தப்பு என் பக்கம் சாய்ந்தது. கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். என்னோடு வேலையில் சேர்ந்தவர்கள் ஒவ்வொருவராக மேலே போனபோது நான் நொண்டிக்கொண்டு கீழேயே நின்றேன். அதுகூடப் பரவாயில்லை. விழுவதற்கு முந்தைய சில நிமிடங்கள் என் நினைவிலேயே இல்லை. கரண்ட் அடித்து விழுந்தால் அப்படித்தான் என்றார் டாக்டர். அதனால் நான் 'போடு' என்று சொல்லவே இல்லை என்று என்னாலும் சத்தியம் பண்ண முடியவில்லை. ஒருவேளை கயிற்றைப் போடச் சொன்னேனோ? ஸ்பானரைப் போடச் சொன்னேனோ? வெற்றிலை போடுகிற ஆளைப் பார்த்தால்கூட அந்த வார்த்தை என்னைக் கிள்ளும். இடுப்பை உடைத்தவன் என் மேல் எனக்கிருந்த நம்பிக்கையையும் சேர்த்து உடைத்திருந்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் அவனை ஏற்கெனவே மன்னித்துவிட்டேன். பன்னிரண்டு சாட்சிகள் இருக்கிறார்கள். பாஸ்டர் அதைப் பிரசங்கத்தில் வேறு சொல்லிவிட்டார். காய்கறிக் கடையில் அக்காமார்கள் என்னைக் காட்டி, "இவருதான், இடுப்ப ஒடச்சவனையே மன்னிச்சவரு" என்பார்கள். இப்படிப் பேர் வாங்கிய ஒருவன் திடீரென்று ஏகாம்பரத்தின் சட்டையைப் பிடிக்க முடியுமா? உள்ளே எரிந்துகொண்டிருந்தேன், வெளியே பரிசுத்தவானாக நொண்டிக்கொண்டிருந்தேன். சர்ச்சில் பரமண்டல ஜெபம் சொல்லும்போது, பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்கிற வரி வந்தால் எனக்குச் சரியாக இருமல் வரும்.

ஏகாம்பரமும் மன்னிக்கப்பட்டவனாக நிம்மதியாக இருப்பதுபோலத்தான் தெரிந்தது. கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி சாப்பிட வருவான். தேர் வரும் நாளில் குறுக்கே போகும் கம்பிகளை அவிழ்த்துவிட நாங்கள்தான் சாமிக்கு முன்னால் நடக்க வேண்டும். நானும் அவனும் ஆளுக்கொரு ஓரமாக நடப்போம். பின்னால் ஊரே வடம் பிடித்துக் கத்திக்கொண்டு வரும். எங்களுக்குள் ஒரு வார்த்தை இருக்காது. "பாத்து நடணா" என்பான். "ம்" என்பேன். அவ்வளவுதான்.

வருடங்கள் போயின. என் நொண்டிக்கால் ஒருவழியாக லைன் இன்ஸ்பெக்டர் நாற்காலிவரை நடந்து வந்து சேர்ந்தது. ஏகாம்பரம் லைன்மேனாக என் கீழே வந்தான். அந்த வருட மழைக்காலத்தில் ஒரு புயல் அடித்தது. செவிலிமேட்டுப் பக்கம் மரங்கள் சாய்ந்து, கம்பிகள் அறுந்து, குடிநீர்த் தொட்டியின் மோட்டாருக்குக் கரண்ட் இல்லாமல் ஜனங்கள் குடத்தோடு நடுத்தெருவில் நின்றார்கள்.

ஆட்கள் எல்லாரையும் நாலாபுறமும் அனுப்பியாகிவிட்டது. என்னிடம் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவன் முனுசாமி, மேலே ஏறுவதில் கெட்டிக்காரன், இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பன். இன்னொருவன் ஏகாம்பரம். முனுசாமி கம்பத்தில் ஏற வேண்டும். தெருவின் மறுகோடியில் கம்பி மேல் சாய்ந்து கிடந்த வேப்ப மரத்தை வெட்டுகிறவர்களோடு நான் நிற்க வேண்டும். டிரான்ஸ்பார்மரில் யார்? வேறு ஆளே இல்லை.

பியூஸ் மூன்றையும் உருவினேன். ஏகாம்பரம் வழக்கம்போலக் கையை நீட்டினான். நான் அவற்றை என் தோள்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"இன்னாணா இது?"

"எங்கிட்டயே இருக்கட்டும்."

"நீ என்னை மன்னிச்சிட்டேன்னு ஊரே சொல்லிக்கினு இருக்குது. இன்னைக்கு இத்தினி ஜனத்துக்கு முன்னாடி என்னைத் திருடன் மாதிரி நிக்க வெக்கிறியே?"

கவுன்சிலர் பார்த்துக்கொண்டிருந்தார், முனுசாமி பார்த்துக்கொண்டிருந்தான், குடம் வைத்திருந்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பழைய சிநேகிதனை அத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்துகிறோம் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கொஞ்சம் இனிக்கவும் செய்தது, மறைக்க மாட்டேன். ஆனால் முனுசாமி ஏற்கெனவே பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"மன்னிச்சது நானு. மேல ஏறுறது முனுசாமி" என்று சொல்லிவிட்டுப் பையோடு நடந்தேன்.

மரம் லேசில் அசையவில்லை. நான் அங்கே கத்திக்கொண்டிருந்த நேரத்தில், இங்கே ஏகாம்பரத்தைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. மழையில் நனைந்த கோபக்காரக் கூட்டம். "போடுயா! கரண்டைப் போடுயா!" என்று ஆரம்பித்திருக்கிறார்கள். "கம்பத்துல ஆள் இருக்குது, பாருங்க" என்று இவன் சொல்ல, கவுன்சிலரின் ஆள் ஒருவன் இவன் காலரைப் பிடித்து டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் வைத்து அழுத்தியிருக்கிறான். "போடுறியா இல்லியா?" ஏகாம்பரம் இரண்டு வெறுங்கையையும் விரித்துக் காட்டி, "எங்கிட்ட இல்ல! எங்கிட்ட இல்லவே இல்ல!" என்று கத்தியிருக்கிறான். கத்திக்கொண்டே அழுதான் என்று முனுசாமி மேலிருந்து பார்த்ததைப் பிற்பாடு சொன்னான்.

மரம் நகர்ந்தது, முனுசாமி இறங்கினான், நானே வந்து பியூஸைப் போட்டேன், மோட்டார் ஓடியது. ஏகாம்பரம் என் முகத்தைப் பார்க்காமல் கிளம்பிப் போய்விட்டான்.

அன்று சாயங்காலம் நான் குளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவன் குரல் கேட்டது. என்னைத் தேடித்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, வரட்டும், காத்திருக்கட்டும் என்று இன்னொரு சொம்பு தண்ணீரை நிதானமாக ஊற்றிக்கொண்டேன்.

"அவரு குளிக்கிறாரு. உக்காருபா" என்றாள் எஸ்தர்.

"அண்ணனப் பாக்க வரல அண்ணி. உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

"எங்கிட்ட இன்னா?"

"அண்ணன் எப்பவோ மன்னிச்சிட்டாரு. மன்னிச்சவருகிட்ட போயி நான் இன்னாத்த சொல்றது? வாயைத் தொறக்கறப்பல்லாம் 'அதான் மன்னிச்சிட்டேனே'ன்றாரு. நீங்கதான் இன்னும் மன்னிக்கல. அதான் உங்ககிட்ட சொல்றேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல் உடைந்து வந்தது. "அன்னைக்கு அண்ணன் ஒண்ணுமே சொல்லல அண்ணி. கல்யாண வூட்டுக்காரங்கதான் 'போடு போடு'ன்னு கத்திக்கினு இருந்தாங்க. ஒருத்தன் சட்டையப் புடிச்சி உலுக்கிட்டான். பயந்துட்டேன். போட்டுட்டேன். வேலை போயிடும்னு அண்ணன் மேல பழியத் தூக்கிப் போட்டுட்டேன். இன்னைக்கு அதே மாதிரி வந்து புடிச்சாங்க. கையில மட்டும் பியூஸ் இருந்திருந்தா நான் இன்னா பண்ணியிருப்பேன்னு எனக்கே தெரியல."

சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு நான் வெளியே வந்தேன். பரிசுத்தவான் வருகிற கோலமா அது? நியாயமாக நான் அவனைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. இத்தனை வருடம் கம்பத்தின் மேல் மட்டும் பேசிவந்த பேச்சையெல்லாம் கூடத்தில் நின்று பேசினேன். பக்கத்து வீட்டு டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். "வெளிய போடா!" என்றேன். போய்விட்டான்.

எஸ்தர் துண்டைச் சரியாகக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். பிறகு, "இப்பத்தான் உண்மையா பேசறீங்க" என்றாள்.

மறுநாள் காலை பாஸ்டரிடம் போனேன். வயதாகியிருந்தது, குரல் குறையவில்லை. "பாஸ்டர், அன்னைக்கு ஆஸ்பத்திரியில நான் மன்னிக்கவே இல்ல. உங்களை வெளிய அனுப்பத்தான் சொன்னேன்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"தெரியுமா? அப்புறம் ஏன் பிரசங்கத்துல சொன்னீங்க?"

"ஊரு முன்னாடி சொல்லி வெச்சா, வெக்கத்துக்காவது ஒரு நாள் மன்னிச்சிடுவேன்னு பாத்தேன். தப்புதான். நானும் அவசரப்பட்டேன், உன்னையும் அவசரப்படுத்தினேன்."

"இப்பவும் முடியல பாஸ்டர். பொய்ன்னு தெரிஞ்ச பிறகு முன்னைவிட எரியுது."

அவர் மேசையைத் தட்டிச் சொன்னார். "சிலுவையில தொங்கினப்போ அவரே அப்பாகிட்டதான் கேட்டாரு, இவங்களை நீங்க மன்னிச்சிடுங்கன்னு. உன்னால முடியலன்னா நீயும் அங்க தள்ளிவிடு. தினம் தள்ளிவிடு. அவரு பாத்துக்கினு இருக்கட்டும். உன்னால முடியறப்போ நீ வாங்கிக்க."

சர்ச்சில் கேட்ட எல்லாப் பிரசங்கத்தையும்விட எனக்குப் பயன்பட்டது அதுதான். தினமும் காலையில், வண்டியை உதைப்பதற்கு முன்னால், "ஆண்டவரே, அந்தப் பயலை நீர் பாத்துக்கும், எனக்கு இன்னும் முடியல" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். ஜெபம் என்று சொன்னால் ஜெபம். புகார் என்று சொன்னால் புகார். ரொம்ப நாள் அப்படியே போனது. ஒரு நாள் அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதியைச் சொல்ல மறந்துவிட்டேன். வண்டி பாதி தூரம் போன பிறகுதான் கவனித்தேன்.

அன்று ஏகாம்பரத்தைத் தனியாகக் கூப்பிட்டேன். மேலிடத்தில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக ஏற்கெனவே அவன் ஒரு தடவை சொல்லியிருந்தான். ஓய்வு பெறும் நேரத்தில் அதைச் சொன்னால் அவன் கதை கந்தலாகிவிடும். எனக்கும் இனிமேல் அங்கே எதுவும் ஆக வேண்டியதில்லை. "அங்கல்லாம் போவாத. கூட வேல செய்யறவங்ககிட்ட சொல்லு" என்றேன்.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், எல்லாரும் டீ டம்ளரோடு நிற்கும்போது ஏகாம்பரம் சொன்னான். கூட்டம் சட்டையைப் பிடித்தால் கை எப்படித் தன்னால் போகும் என்பதையும், பிறகு வாய் எப்படித் தன்னால் பொய் சொல்லும் என்பதையும் சொன்னான். ஒருவன் தரையில் துப்பிவிட்டு நகர்ந்தான். முனுசாமி கேட்டான்: "அப்போ நேத்து வரைக்கும் நான் உன்ன நம்பித்தான ஏறிக்கினு இருந்தேன்?" முனுசாமி அதற்குப் பிறகு ஒரு நாளும் அவன் காவலில் ஏறவில்லை. நான் ஏறச் சொல்லவும் இல்லை. அது முனுசாமியின் உயிர். அதை வைத்து நான் தாராள மனசு காட்ட முடியாது.

என் உயிர் என்னுடையது.

அந்த வாரத்திலேயே தென்னேரி ஏரிக்கரைப் பக்கம் ஒரு சின்ன வேலை வந்தது. தாழ்வான கம்பம், ஏணி போதும். நான் ஏகாம்பரத்தை மட்டும் கூட்டிக்கொண்டு போனேன். இன்ஸ்பெக்டர் ஏற வேண்டிய வேலை இல்லை, நொண்டிக்கால் ஏற வேண்டிய ஏணியும் இல்லை. எஸ்தரிடம் சொல்லியிருந்தால் என் இன்னொரு இடுப்பையும் அவளே உடைத்திருப்பாள். பியூஸ்களை உருவி அவன் கையில் கொடுத்தேன்.

"வேணாம்ணா" என்றான். மூன்றையும் திருப்பி நீட்டினான்.

"புடி."

கையுறை போட்டேன், பெல்ட் கட்டினேன், மேலே போய் டெஸ்டர் வைத்தும் பார்த்தேன். மன்னித்தவன் டெஸ்டர் வைக்கக் கூடாது என்று வேதத்தில் எங்கும் சொல்லவில்லை.

வழியோடு போன டிராக்டர்க்காரன் ஒருவன் நின்று, கரண்ட் எப்போது வரும் என்று அதட்டினான். ஏகாம்பரத்தின் பதில் எனக்குக் கேட்கவில்லை. கீழே எட்டிப் பார்த்தேன். பியூஸ் மூன்றையும் தரையில் வைத்து, அதன் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அடைகாக்கிற கோழி மாதிரி. வேட்டிக்கட்டுக் கூட்டம் வந்தாலும், கவுன்சிலர் வந்தாலும், கலெக்டரே வந்தாலும் அந்த ஆளைத் தூக்கிப் போட்டால்தான் பியூஸை எடுக்க முடியும். எனக்குச் சிரிப்பு வந்து ஏணி ஆடியது.

வேலையை முடித்து மெல்ல இறங்கினேன்.

"எழுந்திருடா. முடிஞ்சிடுச்சி."

"நீ மொதல்ல எறங்குணா."

"எறங்கிட்டேன், பாரு."

அவன் எழுந்திருக்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். நொண்டிக்கால் இன்னும் ஏணியின் கடைசிப் படியில் இருந்தது.

"அந்தக் காலும் தரைக்கு வரட்டும்" என்றான்.